முதல் வருஷம் சறுக்கிவிட்டது, கோர்ஸ் மாறலாமா?

வாசகர் கேள்வி – பதில் : உயர்கல்வி

இந்த இதழுக்கு வந்த கேள்விகளில் பெரும்பாலானவை கல்லூரியில் முதலாண்டு முடித்தவர்களுடையவை, அல்லது அவர்களின் பெற்றோருடையவை. ஒரே மாதிரி இருந்த கடிதங்களைச் சேர்த்து, சிலவற்றைச் சுருக்கித் தந்திருக்கிறோம். பெயர்களை வெளியிடவில்லை.

பிளஸ் டூ வரை தமிழ்வழி. கவுன்சலிங்கில் அண்ணா பல்கலைக்கழக இணைப்புக் கல்லூரி ஒன்றில் இ.சி.இ. (எலக்ட்ரானிக்ஸ் அண்ட் கம்யூனிகேஷன்) கிடைத்தது. முதல் செமஸ்டரில் கணிதம், இயற்பியல், வேதியியல் மூன்றும் அரியர். பைத்தானில் மட்டும் நல்ல கிரேடு. இரண்டாம் செமஸ்டர் எழுதிவிட்டேன், அதிலும் கணிதம் சந்தேகம்தான். "உனக்கு இது ஒத்துவராது, பி.காம். சேர்ந்துடு" என்கிறார் மாமா. அப்பா ஒன்றும் சொல்லவில்லை. என்ன செய்வது? — மாணவர், அரியலூர் மாவட்டம்

தம்பி, உங்கள் மூன்று அரியரில் ஒன்றுகூட இ.சி.இ. பாடம் இல்லை. 2021 ரெகுலேஷன்படி (பல்கலைக்கழகத்தின் பாட, தேர்வு விதிகள்) முதல் செமஸ்டர் எல்லாப் பிரிவுக்கும் ஒன்றேதான்: ஆங்கிலம், மேட்ரிசஸ் (அணிகள்) அண்ட் கால்குலஸ், இயற்பியல், வேதியியல், பைத்தான், தமிழர் மரபு. சிவில் மாணவரும் கம்ப்யூட்டர் மாணவரும் அதே தாள்களைத்தான் எழுதுகிறார்கள். உங்கள் துறை தலைகாட்டுவது இரண்டாம் செமஸ்டரில் சர்க்யூட் அனாலிசிஸ் வழியாகத்தான். அதை எப்படி எழுதினீர்கள் என்று கடிதத்தில் சொல்லவில்லை. முதலில் யோசிக்க வேண்டியது அதைத்தான். கிர்ச்சாஃப் விதிகளை வைத்து ஒரு சுற்றைப் பிரித்து விடை காணும்போது கொஞ்சமாவது ஆர்வம் வந்ததா, அல்லது அதுவும் வெறுத்துப்போனதா?

தமிழ்வழியில் வந்தவர்களுக்கு முதலாண்டில் விழும் அடி பெரும்பாலும் பாடத்தால் வருவதில்லை. வகுப்பு ஓடும் வேகத்தாலும் ஆங்கிலத்தாலும் வருகிறது. பிளஸ் டூ கணிதப் புத்தகத்தின் முதல் அத்தியாயமே அணிகள்தான். முதல் செமஸ்டர் கணிதத்தின் முதல் யூனிட்டும் அதுவேதான், ஐகன் வேல்யூ, கெய்லி–ஹாமில்டன் என்று ஒரு படி மேலே போகிறது, அவ்வளவுதான். பள்ளிப் புத்தகத்தைப் பக்கத்தில் திறந்து வைத்துக்கொண்டு அந்த யூனிட்டை மறுபடி படியுங்கள். பத்து நாளில் பிடிபட்டால் உங்கள் சிக்கல் மொழி. பள்ளிப் புத்தகமே புரியவில்லை என்றால் சிக்கல் அஸ்திவாரத்தில் இருக்கிறது. அதற்கு மருந்து வேறு, நாளும் அதிகம் பிடிக்கும்.

இனி அரியர் கணக்கு. இதைச் சரியாகப் போட்டுப் பார்க்காமலே பலர் பயந்துவிடுகிறார்கள். தியரி தாளில் இன்டர்னல், அதாவது கல்லூரியிலேயே போடும் மதிப்பெண் 40, செமஸ்டர் தேர்வு 60 (100-க்கு எழுதுவதை 60-ஆகச் சுருக்குவார்கள்). பாஸ் ஆக இரண்டும் சேர்த்து 50 வேண்டும். அதோடு செமஸ்டர் தேர்வில் தனியாக 45 சதவீதம், அதாவது 60-க்கு 27 வேண்டும். இன்டர்னலில் 23 அல்லது அதற்கு மேல் இருந்தால், 100 மதிப்பெண் வினாத்தாளில் 45 எடுத்தால் போதும். இன்டர்னல் 20 என்றால் 50 எடுக்க வேண்டும். இன்டர்னல் 12 என்றால் 64 எடுத்தாக வேண்டும். அரியர் எழுதும்போது பழைய இன்டர்னலே கூட வரும் என்பதால், மூன்று தாளுக்கும் உங்கள் இன்டர்னல் எவ்வளவு என்று இன்றே பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள். மூன்றும் 20-க்கு மேல் இருந்தால் அது மலை இல்லை. ஒன்று 10, 12 என்று கிடந்தால் அந்தத் தாளுக்குத்தான் முதலில் உழைக்க வேண்டும். தன்னாட்சிக் கல்லூரி என்றாலோ, உங்கள் சேர்க்கை ஆண்டுக்குப் புது ரெகுலேஷன் வந்திருந்தாலோ இந்த எண்களும் தாள்களும் மாறும்; உங்கள் ஆண்டின் ரெகுலேஷனை எடுத்துப் பாருங்கள்.

கணிதத் தாள் ஐந்து யூனிட். ஒவ்வொரு யூனிட்டிலிருந்தும் இரண்டு 2 மதிப்பெண் கேள்வி, ஒரு 16 மதிப்பெண் கேள்வி. ஆக யூனிட்டுக்கு 20. பலர் ஐந்தையும் அரைகுறையாகப் படித்துவிட்டு ஒவ்வொன்றிலும் பாதிக் கணக்கில் நிற்கிறார்கள். மேட்ரிசஸ் யூனிட்டுக்கு கால்குலஸ் தேவையே இல்லை, அதை முழுசாகக் கைவசப்படுத்துங்கள். பிறகு டிஃபரன்ஷியல் கால்குலஸ், அதன் தொடர்ச்சியான பல மாறிச் சார்புகள். இந்த மூன்றில் உறுதியாக நின்று, மற்ற இரண்டில் 2 மதிப்பெண் கேள்விகளைப் பிடித்தால் அரியர் போய்விடும். ஆனால் இன்டெக்ரல் கால்குலஸை ஒரேயடியாக ஒதுக்கிவிடாதீர்கள். காரணம் அடுத்த பத்தியில்.

மூன்றாம் செமஸ்டரில் சிக்னல்ஸ் அண்ட் சிஸ்டம்ஸ், எலக்ட்ரானிக் டிவைசஸ் அண்ட் சர்க்யூட்ஸ், டிஜிட்டல் சிஸ்டம்ஸ் டிசைன் எல்லாம் சேர்ந்து வரும். உண்மையான இ.சி.இ. இங்கேதான் தொடங்குகிறது. நூலகத்தில் இந்த மூன்று புத்தகங்களையும் எடுத்து, ஒவ்வொன்றிலும் முதல் யூனிட்டை மட்டும் இரண்டு வாரம் படித்துப் பாருங்கள். டிஜிட்டலுக்குப் பெரிய கணக்கு வேண்டாம், லாஜிக் பிடித்தால் போதும். பைத்தான் வந்த கைக்கு அது வர வாய்ப்பு அதிகம். சிக்னல்ஸ் அப்படியல்ல, ஃபூரியர், லாப்லாஸ் இரண்டிலும் வரிக்கு வரி தொகையிடல்தான், அதாவது அந்த இன்டெக்ரல் கால்குலஸ்தான். அங்கே ஆர்வம் இருந்து கணக்கு மட்டும் தடுக்கிறது என்றால் இருங்கள். மூன்று புத்தகத்தையும் திறக்கவே மனம் வரவில்லை என்றால், அரியரை முடித்தாலும் இன்னும் மூன்று வருஷம் தள்ளுவது கஷ்டம், மாறுவது நியாயம்தான்.

இதே சோதனையை பி.காமுக்கும் செய்யுங்கள். முதல் செமஸ்டரின் ஃபைனான்சியல் அக்கவுன்டிங் புத்தகத்தில் பேரேடு, இருப்பாய்வு, தேய்மானக் கணக்குகளைப் போட்டுப் பாருங்கள். பிளஸ் டூவில் அக்கவுன்டன்சி படிக்காதவருக்கு அங்கேயும் முதல் மூன்று மாதம் மூச்சு வாங்கும். பொறியியலிலிருந்து தப்பிக்க மட்டும் பி.காம். என்றால் அந்த வகுப்பிலும் இதே கடிதத்தை எழுத வேண்டிவரும். கணக்குப் பதிவியல் பிடித்திருக்கிறது, சி.ஏ., கம்பெனி அக்கவுன்ட்ஸ் என்று போக ஆசை என்றால் தயங்க வேண்டாம்.

தேதிதான் இதில் பலரைக் கவிழ்த்துவிடுகிறது. அரசு கலைக் கல்லூரிகளுக்கான இணையவழி விண்ணப்பம் பிளஸ் டூ ரிசல்ட்டை ஒட்டி மே மாதம் திறக்கும். உங்கள் இரண்டாம் செமஸ்டர் ரிசல்ட் அதற்கெல்லாம் பிறகுதான் வரும். ரிசல்ட்டைப் பார்த்துவிட்டு முடிவெடுக்கலாம் என்று காத்திருந்தால், முடிவெடுக்கும்போது போக இடமிருக்காது. விண்ணப்பித்து வைப்பதால் இப்போதைய சீட் போய்விடாது. கட்டணமும் 50 ரூபாய் அளவுதான். புதுக் கல்லூரியின் சேர்க்கை உறுதியாகும் வரை இங்கே டி.சி. மட்டும் கேட்டுவிடாதீர்கள். கேட்டு வாங்கிய பிறகு திரும்பி வர வழியில்லை.

ஒன்று மட்டும் அழுத்திச் சொல்கிறோம். அரியரை நினைத்துத் தூக்கம் கெட்டு, சாப்பாடு பிடிக்காமல், வாழ்வே வேண்டாம் என்ற எண்ணம் எட்டிப் பார்த்தால், கோர்ஸ் பற்றிய முடிவை ஓரமாக வையுங்கள். 14416 என்ற டெலி மானஸ் (அரசு மனநல உதவி) எண்ணில் தமிழிலேயே பேசலாம், கட்டணம் இல்லை. 104-லும் பேசலாம். பி.இ. படிப்பை முடிக்கப் பல்கலைக்கழகம் 7 வருஷம் வரை அவகாசம் தருகிறது. அவசரமாக முடிவெடுக்க வேண்டிய விஷயமே இல்லை இது.

மெக்கானிக்கல் முதலாண்டு, அரியர் இல்லை, சி.ஜி.பி.ஏ. 7.9. கம்ப்யூட்டர் சயின்ஸுக்கு மாற வேண்டும். "சீட் இருக்கு, பார்த்துக்கலாம்" என்கிறார்கள் அலுவலகத்தில். நம்பலாமா? — மாணவர், நாமக்கல்

வாய்வார்த்தையை நம்ப வேண்டாம். பிரிவு மாற்றத்துக்கு மூன்று விஷயம் கூடிவர வேண்டும்: அந்தப் பிரிவில் காலியிடம், உங்களுக்கு முன்னால் அதிக சி.ஜி.பி.ஏ.வுடன் வேறு யாரும் கேட்காமல் இருப்பது, கல்லூரியின் பரிந்துரையைப் பல்கலைக்கழகம் ஏற்பது. கம்ப்யூட்டர் சயின்ஸில் முதலாவதே அபூர்வம். இரண்டாம் செமஸ்டர் முடிந்து மூன்றாவது தொடங்கும் இடைவெளியில் எழுத்து மூலம் விண்ணப்பித்து, நகலில் தேதியும் முத்திரையும் வாங்கிக்கொள்ளுங்கள். மாற்றத்துக்கென்று ரசீது இல்லாமல் பணம் கேட்டால் கொடுக்காதீர்கள்.

உங்கள் 12 இலக்கப் பதிவு எண்ணில் முதல் நான்கு கல்லூரி, அடுத்த இரண்டு சேர்ந்த ஆண்டு, அதற்கடுத்த மூன்று பிரிவு. மெக்கானிக்கலுக்கு 114, கம்ப்யூட்டர் சயின்ஸுக்கு 104. பல்கலைக்கழகப் பதிவில் பிரிவு மாறாத வரை, நீங்கள் எந்த வகுப்பில் உட்கார்ந்தாலும் தேர்வு மெக்கானிக்கலுக்குத்தான் வரும். ஒப்புதல் கடிதத்தின் நகல் கையில் இல்லாமல் புது வகுப்பில் வாரக்கணக்காக உட்கார்ந்துவிட்டு, பழைய வகுப்பில் 75 சதவீத வருகை கெட்டு, செமஸ்டரையே இழக்கும் ஆபத்து இருக்கிறது. அரியர் இருந்தால் அடுத்த செமஸ்டருக்குப் போகலாம். வருகை குறைந்தால் அதே செமஸ்டரைத் திரும்பப் படிக்க வேண்டும்.

மாற்றம் கிடைத்தால், கம்ப்யூட்டர் மாணவர்கள் இரண்டாம் செமஸ்டரில் படித்த சி புரோகிராமிங் உங்களுக்கு விடுபட்டிருக்கும். அதைத் தனித்தாளாக எழுத வேண்டிவரும். அதைவிட முக்கியம், மூன்றாம் செமஸ்டர் டேட்டா ஸ்ட்ரக்சர்ஸ் முழுக்க அதன் மேல்தான் நிற்கிறது. விடுமுறையில் பாயின்டர், ஸ்ட்ரக்சர், லிங்க்டு லிஸ்ட் மூன்றையும் கையால் எழுதிப் பழகிவிடுங்கள்.

கிடைக்காவிட்டால்? உங்களுக்கு வேண்டியது கம்ப்யூட்டர் வேலையா, கம்ப்யூட்டர் பட்டமா என்று பிரித்துப் பாருங்கள். வேலை என்றால் மெக்கானிக்கலில் இருந்துகொண்டே வழி உண்டு. ஐந்தாம் செமஸ்டரிலிருந்து 18 கிரெடிட் கூடுதலாக எடுத்து மைனர் பட்டம் (முதன்மைப் பட்டத்தோடு வேறு துறையிலும் கிடைக்கும் கூடுதல் தகுதி) வாங்கலாம், அதற்கு சி.ஜி.பி.ஏ., அரியர் நிபந்தனை உண்டு, இப்போதைய உங்கள் நிலையைக் காப்பாற்றிக்கொள்ளுங்கள். 2022 ஏப்ரலில் இருந்து யு.ஜி.சி. (பல்கலைக்கழக மானியக் குழு) இரண்டு பட்டங்களை ஒரே நேரத்தில் படிக்க அனுமதிக்கிறது. ஐ.ஐ.டி. மெட்ராஸின் பி.எஸ். டேட்டா சயின்ஸ் படிப்பில் ஜே.இ.இ. இல்லாமல், நான்கு வாரப் பாடத்துக்குப் பிறகு வைக்கும் தகுதித் தேர்வு எழுதிச் சேரலாம். அதன் தொடக்கக் கட்டமே 8 பாடம், 32 கிரெடிட். கல்லூரி நாட்களில் செமஸ்டருக்கு இரண்டு பாடத்துக்கு மேல் எடுக்க வேண்டாம். முதுகலைப் பொறியியலுக்கான கேட் நுழைவுத் தேர்விலும் 2024 முதல் டேட்டா சயின்ஸ் அண்ட் ஏ.ஐ. தனித் தாளாகவே இருக்கிறது, மெக்கானிக்கல் மாணவரும் எழுதலாம். எங்கள் கருத்து: காலியிடம் உறுதியாக இல்லை என்றால் மாற்றத்தின் பின்னால் ஓடி இரண்டாமாண்டின் முதல் இரண்டு மாதத்தை இழக்காதீர்கள்.

மகள் பி.எஸ்சி. கணிதம் முதலாண்டு. எல்லாத் தாளும் பாஸ், 58 சதவீதம். ஆனாலும் தினமும் அழுகை; சைக்காலஜிதான் படிப்பேன் என்கிறாள். பாஸ் பண்ணியவள் ஏன் மாற வேண்டும்? ஒரு வருஷம் வீணாகிவிடாதா? — தாய், மதுரை

அம்மா, பாஸ் மார்க்கை வைத்து இதைத் தீர்மானிக்காதீர்கள். பி.எஸ்சி. கணிதத்தில் முதலாண்டுதான் பள்ளிக் கணக்குக்குப் பக்கத்தில் இருக்கிறது. ரியல் அனாலிசிஸ், அப்ஸ்ட்ராக்ட் அல்ஜீப்ரா எல்லாம் பின்னால் வருகின்றன. அங்கே கணக்குப் போட்டு விடை எழுதும் வேலை குறைவு, தேற்றம் நிறுவுவதுதான் அதிகம். மகளுக்கு வெறுப்பு நிறுவுவதில் என்றால், அது கூடத்தான் செய்யும். வெறுப்பு ஓர் ஆசிரியர் மேலோ, தோழி இல்லாத வகுப்பு மேலோ என்றால், சைக்காலஜி வகுப்பும் அப்படி அமையலாம். இதை அவளிடம் மெதுவாகக் கேட்டுப் பாருங்கள். "ஏன் மாறணும்" என்று கேட்காமல் "எந்த வகுப்பு நேரம் தாங்க முடியலை" என்று கேளுங்கள். பதில் தெளிவாக வரும்.

சைக்காலஜி என்றால் மற்றவர் கஷ்டத்தைக் கேட்டு ஆறுதல் சொல்வது என்று நினைத்துச் சேர்பவர்கள் உண்டு. முதலாண்டிலேயே மூளையும் நரம்பும் வரும். பிறகு சோதனை உளவியல், புள்ளியியல். புள்ளியியலில் கணிதம் படித்த உங்கள் மகளுக்குக் கை ஓங்கியே இருக்கும். ஆனால் இளங்கலையோடு நின்றால் இந்தத் துறையில் வேலை குறைவு. கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட் ஆக 3 வருஷம் இளங்கலை, 2 வருஷம் முதுகலை, அதன்பின் இந்திய மறுவாழ்வு கவுன்சில் அங்கீகரித்த பயிற்சிப் படிப்பு என்று நீளும். அந்த நீளத்துக்குக் குடும்பம் தயாரா என்பதை இப்போதே பேசிக்கொள்ளுங்கள். இன்னொரு எச்சரிக்கை: 2025 ஜூலை–ஆகஸ்ட் சேர்க்கையிலிருந்து சைக்காலஜியைத் தொலைநிலையிலும் ஆன்லைனிலும் நடத்த யு.ஜி.சி. தடை போட்டுவிட்டது. "வீட்டிலிருந்தே படிக்கலாம்" என்ற விளம்பரத்தைப் பார்த்துப் பணம் கட்டிவிடாதீர்கள்.

வருஷம் வீணா என்றால், முதலாண்டிலிருந்துதான் மறுபடி தொடங்க வேண்டும். ஒரு வருஷக் கட்டணமும் போகும். அதே பல்கலைக்கழகத்தின் கீழுள்ள கல்லூரிக்கு மாறினால் பகுதி ஒன்று தமிழ், பகுதி இரண்டு ஆங்கிலத் தாள்களுக்கு விலக்கு கேட்டு, மதிப்பெண் பட்டியலும் பாடத்திட்ட நகலும் வைத்து விண்ணப்பிக்கலாம். கிடைத்தால் லாபம், அதை நம்பித் திட்டம் போட வேண்டாம். 21-க்குப் பதில் 22-இல் பட்டம். நீங்கள் எழுதியதை வைத்துப் பார்த்தால், மாற விடுங்கள் என்றுதான் சொல்வோம். கணிதத்தை முடித்துவிட்டு எந்தப் பட்டதாரியையும் சேர்க்கும் எம்.எஸ்சி. சைக்காலஜிக்குப் போகும் வழியும் உண்டு; ஆனால் பல இடங்களில் இளங்கலையிலும் அதே பாடம் கேட்கிறார்கள்.

பொறியியல் கல்லூரியிலிருந்து நின்றுகொள்கிறேன் என்றதும், மீதி மூன்று வருஷக் கட்டணத்தைக் கட்டினால்தான் சான்றிதழ் என்கிறார்கள். — தந்தை, கடலூர்

கட்ட வேண்டாம். சீட்டை விடும் மாணவரிடம் அடுத்த ஆண்டுகளுக்கான கட்டணம் கேட்கக் கூடாது, சான்றிதழைப் பிடித்து வைக்கக் கூடாது, ஏழு நாளில் முடித்துத் தர வேண்டும் என்பது ஏ.ஐ.சி.டி.இ. (அகில இந்தியத் தொழில்நுட்பக் கல்விக் கவுன்சில்) விதி. யு.ஜி.சி.யும் 2018 அறிவிப்பில் அசல் சான்றிதழ்களை வைத்துக்கொள்ளத் தடை விதித்திருக்கிறது.

செய்ய வேண்டியது: படிப்பைத் தொடர விரும்பவில்லை, இன்னின்ன அசல் சான்றிதழ்கள் உங்களிடம் உள்ளன என்று பட்டியலிட்டு மாணவரும் நீங்களும் கையெழுத்திட்ட கடிதம் முதல்வருக்கு. நேரில் கொடுத்து ஒப்புகை வாங்குங்கள். மறுத்தால் ஒப்புகை அட்டையுடன் பதிவுத் தபாலில் அனுப்புங்கள். நூலகம், ஆய்வகம், விடுதி, அலுவலகம் என்று நிலுவையின்மைப் படிவத்தில் கையெழுத்து வாங்கும் வேலையை அதோடு தொடங்கிவிடுங்கள். உண்மையான பாக்கி, உடைந்த கருவி, தொலைந்த புத்தகம் இருந்தால் அதை மட்டும் ரசீதோடு கட்டுங்கள். ஏழு நாள் கழித்தும் அசையவில்லை என்றால் ஏ.ஐ.சி.டி.இ. குறைதீர் தளம், தொழில்நுட்பக் கல்வி இயக்ககம், பல்கலைக்கழகப் பதிவாளர் மூன்று இடத்துக்கும் கடித நகல், தபால் ரசீதோடு புகார் அனுப்புங்கள். வாய்வழிப் புகாருக்கு எங்கும் எடையில்லை. முதலாண்டு முழுக்கப் படித்துவிட்டதால் அந்தக் கட்டணம் திரும்பாது; முன்வைப்புத் தொகை மட்டும் உங்களுக்குத் திரும்ப வர வேண்டியது, அதைக் கடிதத்திலேயே கேளுங்கள்.

வங்கியில் கல்விக் கடன், முதலாண்டுக்கு 90,000 ரூபாய் போயிருக்கிறது. மகன் பி.காமுக்கு மாறினால் கடன் என்னாகும்? — தந்தை, தேனி

கடன் ஒப்புதல் அந்தக் கல்லூரிக்கும் அந்தப் படிப்புக்கும் மட்டும்தான். தானாக மாறாது. சொல்லாமல் மாறிவிட்டு, அடுத்த தவணையும் கேட்காமல் இருந்தால், படிப்பு நின்றதாகக் கணக்காகித் திருப்பிக் கட்டும் காலம் தொடங்கிவிடும். புதுச் சேர்க்கைக் கடிதம், கட்டண விவரம் இரண்டோடும் டி.சி. வாங்கும் முன்பே கிளை மேலாளரைப் பாருங்கள். படிப்பு மாற்றத்தை ஏற்பதா, பழையதை முடித்துப் புதுக் கடன் தருவதா என்பது அவர்கள் முடிவு. எதுவானாலும் எழுத்தில் வாங்குங்கள்.

மத்திய அரசின் வட்டி மானியத்தில் இருந்தால் கவனம். குடும்ப வருமானம் 4.5 லட்சத்துக்குள் உள்ளவர்களுக்கான அந்த மானியம், மருத்துவக் காரணம் தவிர வேறு எதற்காகப் படிப்பை இடையில் விட்டாலும் நின்றுவிடும். 90,000 ரூபாய்க்கு 10 சதவீதம் என்று வைத்தால் மாதம் 750 ரூபாய் வட்டி. மகன் படிக்கும் காலத்தில் அதை மட்டுமாவது மாதாமாதம் கட்டி வந்தால் அசல் வீங்காது.

ஒரு வருஷ இடைவெளி இருந்தால் வேலைக்கு எடுக்க மாட்டார்களாமே? — மாணவி, வேலூர்

வளாகத் தேர்வுக்கு வரும் பல ஐ.டி. நிறுவனங்கள் மொத்தம் இரண்டு வருஷம் வரை இடைவெளியை ஏற்கின்றன. படிப்பு மாறியதால் வந்த ஒரு வருஷம் அதற்குள் அடங்கும். மறைக்கத்தான் கூடாது. பிளஸ் டூ முடித்த ஆண்டும் பட்டம் சேர்ந்த ஆண்டும் சான்றிதழிலேயே இருக்கின்றன, பின்னணிச் சரிபார்ப்பில் தெரிந்துவிடும். விண்ணப்பத்தில் முதலாண்டு படித்த கல்லூரி, படிப்பு, விட்ட மாதம் மூன்றையும் ஒரு வரியில் எழுதுங்கள். அந்த வருஷத்து மதிப்பெண் பட்டியலையும் டி.சி. நகலையும் தூக்கிப்போடாமல் கோப்பில் வைத்திருங்கள். டி.என்.பி.எஸ்.சி. குரூப் 2, யு.பி.எஸ்.சி. குடிமைப் பணித் தேர்வு இரண்டும் பட்டத்தையும் வயதையும்தான் பார்க்கின்றன. இடைவெளி அங்கே ஒரு கேள்வியே இல்லை.